வெட்டி எடுத்த சுவர்

காட்சிக்கூடத்தின் கதவைத் திறந்ததும் மின்ஹாவுக்கு விறகுப் புகை வாடை அடித்தது.

அந்தக் கட்டடத்தில் அடுப்பு கிடையாது. தேநீர் போடக்கூட மாடியில் ஒரு மின்சாரக் கேத்தல்தான். கண்டி வாவிக்கு மேலே மலைச்சரிவில் நின்ற அந்தப் பழைய பங்களாவில் ஓவியக் கண்காட்சியும் நடனப் பயிற்சியும் புகைப்படக் கண்காட்சியுமாக வருடம் முழுக்க ஏதாவது நடக்கும். சாய வாடை, வார்னிஷ் வாடை, மழைக்காலத்துப் பூஞ்சண வாடை எல்லாம் அவளுக்குப் பழக்கம். இது வேறு. ஈர விறகை ஊதி ஊதிப் பற்றவைக்கும்போது எழுந்து, தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும் புகை.

கூடத்தின் கடைசியில் லயக் காம்பரா நின்றது. பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் இடிக்கவிருந்த தொழிலாளர் லயத்திலிருந்து, ஒரு குடும்பம் வாழ்ந்த ஒற்றை அறையைக் கல் கல்லாகக் கழற்றி லொறியில் கொண்டுவந்து, இருந்த மாதிரியே எழுப்பியிருந்தார்கள். கரி ஏறிய சுவர்கள், தகரக் கூரை, மூலையில் அடுப்பு, கொடியில் ஒரு சேலை, பலகைக் கட்டில். எல்லாம் அசல். பின்சுவரை மட்டும் கொண்டுவரவில்லை. அந்தப் பக்கம் திறந்திருந்தால்தான் வருகிறவர்கள் உள்ளே பார்க்க முடியும். அதற்கு முன்னால் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. மலையகத் தமிழர் வாழ்க்கையைப் பற்றிய கண்காட்சிக்கு அதுதான் மையம். யோசனை மின்ஹாவுடையது.

இன்று அந்தத் திறந்த பக்கம் மூடியிருந்தது.

கொடியில் மடித்துப் போட்டிருந்த நூல் சேலையை யாரோ பிரித்து, இரண்டு விளக்குத் தாங்கிகளுக்கு நடுவே விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். விளிம்பு காற்றில் விலகாதபடி கீழே விறகுக் கட்டைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். முடிச்சுகள் ஈரமாக இருந்தன. அவிழ்ப்பதற்குள் மின்ஹாவின் நகம் ஒன்று உடைந்தது.

உள்ளே எதுவும் கலையவில்லை. அடுப்புச் சாம்பல் ஆறியிருந்தது. சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். பாதிவரை தண்ணீர். விரலை விட்டாள். வெதுவெதுப்பாக இருந்தது.

சற்று நேரத்தில் விளக்கு வேலை செய்யும் யுகேஷ் வந்தான். முப்பது வயது இருக்கும். எதற்கும் சிரித்துவிட்டுத்தான் பேசத் தொடங்குவான்.

"யுகேஷ், நீங்களா சேலைய கட்டினது?"

"நான் இல்ல மிஸ். நேத்து வெள்ளனவே வீட்டுக்கு போயிட்டேனே. தூசிக்குன்னு யாராவது கட்டியிருப்பாங்க."

"சட்டியில தண்ணி ஈக்கிது."

அவன் கூரையைப் பார்த்தான். "மழையில ஒழுகியிருக்கும்." சிரித்தான். அவளும் சிரிக்கப் பார்த்தாள். அந்தக் கூரைக்கு மேலே பங்களாவின் ஓட்டுக்கூரை இருந்தது. அது ஒழுகுவதில்லை.

மறுநாள் காலை சேலை திரும்பவும் கட்டியிருந்தது. அதோடு, நாலு பேர் தூக்கி வைத்த பலகைக் கட்டில் திறந்த பக்கத்தில் நிமிர்ந்து நின்றது. மிச்ச இடைவெளியில் சாக்கு, பாய், முறம், கொழுந்துக்கூடை. சின்னச் சின்னச் சந்துகளைக்கூட விடவில்லை, கந்தலைச் சுருட்டி அடைத்திருந்தது. அவசரத்தில் செய்த வேலை போல இல்லை. குளிருக்குப் பயந்தவர்கள் வீட்டை அடைக்கிற மாதிரி, பொறுமையாக, ஓரம் ஓரமாக.

யுகேஷ் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இருவரும் எல்லாவற்றையும் எடுத்து, பழைய இடங்களில் வைத்தார்கள்.

அன்று மத்தியானம் வடிவம்மா வந்தாள். அந்த அறையில் பிறந்து வளர்ந்தவள், இன்னும் கொழுந்து பறிக்கிறாள். அறையைக் கொடுக்கச் சம்மதித்தவளும் அவள்தான். திறப்பதற்கு முன் அவள் ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று மின்ஹாதான் பஸ்ஸுக்குக் காசு அனுப்பிக் கூப்பிட்டிருந்தாள். நல்ல சேலை உடுத்து, குடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிவப்புக் கயிற்றுக்கு வெளியே நின்றாள். வெகுநேரம் நின்றாள்.

"எப்படி ஈக்கிது அக்கா? அப்படியே செஞ்சிருக்கோமா?"

"இந்தப் பக்கத்து செவுரு எங்கங்க மிஸ்?"

"அது... ஆக்கள் பார்க்கணுமே. அதால அத மட்டும் எடுக்கல்ல."

"எங்க போட்டீங்க?"

தோட்டத்துப் பாதையோரம் குவித்துப் போட்டதை மின்ஹா பார்த்திருந்தாள். ஒரு மழையில் மண் கரைந்து ஓடியிருக்கும். சிவப்புக் கயிற்றின் முடிச்சைச் சரிசெய்தாள்.

வடிவம்மா கோபப்படவில்லை. குரலை இன்னும் தாழ்த்தினாள். கூடத்தில் வேறு யாருக்கோ கேட்டுவிடும் என்பது போல.

"எங்கம்மா ரத்தினம்மா யாரையும் வீட்டுக்குள்ள பாக்க விடாதுங்க. அப்பா போனப்புறம் பாதி நாளு வீட்டுல ஒண்ணும் இருக்காது. அப்பவும் அடுப்ப பத்த வச்சி, சட்டியில வெறுந்தண்ணிய கொதிக்க வைக்கும். பொக வெளிய போனா, சமைக்கிறாங்கன்னு அடுத்த காம்பராகாரங்க நெனைப்பாங்கல்ல. கதவ சாத்திட்டு, எங்கள செவுத்துப் பக்கமா திருப்பி ஒக்கார வச்சி, அந்தத் தண்ணிய குடிக்கக் குடுக்கும். பின்னாடி செவுரு எத்தன தரம் விழுந்திச்சி தெரியுமா? ஒவ்வொரு தரமும் அம்மாவே மண்ணு கொழச்சி, கையால அறைஞ்சி அறைஞ்சி பூசும். கையில ரத்தம் வந்தாலும் விடாது."

"உம்மா... அம்மா எங்க மௌத்தானாங்க?" அவசரத்தில் சாவைக் கேட்கவும் தன் வீட்டுப் பேச்சே வந்துவிட்டது.

"இங்கதான்." வடிவம்மா பலகைக் கட்டிலைக் காட்டவில்லை. பார்க்கவும் இல்லை. "வேற ஒண்ணும் வேணாங்க மிஸ். ஒரு செவுரு கட்டிருங்க. அது இப்படி தொறந்து கெடந்தா அம்மா எங்க போயி ஒளியும்?"

கட்டுகிறேன் என்று மின்ஹா சொன்னாள். சொல்லும்போது அதை நம்பினாள்.

அந்தப் பங்களாவில் கலை நிலையத்தை நடத்தும் மக்கீன் ஹாஜியார் அவள் சொன்னதை எல்லாம் கேட்டார். கெட்ட மனிதர் அல்ல; தன்னிடம் வேலை செய்யும் அவளை மகள் என்றுதான் கூப்பிடுவார். தன் புடவைக்கடையை மகன்மாரிடம் கொடுத்துவிட்டு, சொந்தக் காசைப் போட்டு அந்த நிலையத்தை நடத்திவந்தவர்.

"மகள், நாளைக்கு அசர் தொழுகைக்குப் பொறகு கொழும்புல ஈந்து ஆக்கள் வாராங்க. செவுத்த கட்டிட்டா அவங்க என்னத்த பாக்குற? வெளிய நின்டு கல்லயா?"

"ஒரு திரையாவது போடுவோம் ஹாஜியார். சின்ன ஓட்டை வச்சி..."

"ஓட்டையால எட்டிப் பாக்குறது இன்னும் மோசம். கண்காட்சி முடியட்டும், பொறகு பேசுவோம். நீங்க நல்லா களைச்சிப் போயிருக்கீங்க."

அவள் களைத்துத்தான் போயிருந்தாள். கூடத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் பகல் முழுக்க மழை. வாவி தெரியவில்லை. எதிர்மலையும் தெரியவில்லை. சன்னல்களுக்கு வெளியே சாம்பல் நிறத் துணியைத் தொங்கவிட்ட மாதிரி மூடுபனி நின்றது. அன்று காலையில் சேலை கட்டியிருக்கவில்லை. கட்டில் நகரவில்லை. எல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அதுதான் மின்ஹாவை அதிகமாகப் பயமுறுத்தியது. யாரோ சேலையையும் சாக்கையும் போதாது என்று ஒதுக்கிவிட்டார்கள் என்று தோன்றியது. தரையில், திறந்த பக்கத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை, யாரோ குழைத்த மண்ணால் ஒரு கோடு இழுத்திருந்தார்கள். சுவருக்கு அத்திவாரம் போடும் முன் இழுக்கும் கோடு. அவள் துடைத்தாள். துணியில் வந்த மண்ணில் சிறு சிறு வைக்கோல் துணுக்குகள்.

மழைக்கிடையிலும் விருந்தினர் வந்தார்கள். ஏழெட்டுப் பேர். குடைகளை மடக்கி, தேநீர்க் கோப்பைகளோடு கூடத்துக்குள் நுழைந்து, ஓவியங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நேரே லயக் காம்பராவுக்கு முன்னால் போய் நின்றார்கள். கைபேசிகளை உயர்த்தினார்கள். ஒரு அம்மையார் கயிற்றின் மேலால் சாய்ந்து, "ஐயோ, இவ்வளவு சின்ன இடத்திலயா?" என்றார். இன்னொருவர் சட்டியின் மூடியைத் தூக்கச் சொல்லிக் கேட்டார். படத்துக்கு நன்றாக இருக்குமாம். யுகேஷ் உள்ளே இறங்கி மூடியைத் தூக்கினான்.

ஆவி எழுந்தது.

"ஆ, ரொம்ப அசலா செஞ்சிருக்கீங்க!" யாரோ கைதட்டினார்கள்.

கதவோரம் நின்ற மின்ஹா யுகேஷின் முகத்தைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். மூடியைப் போட்டுவிட்டு, பின்னால் பார்க்காமல் கயிற்றுப் பக்கம் வந்து, பக்கச் சுவரின் விளிம்போரம் ஒட்டி நின்றுகொண்டான்.

அப்போது கரன்ட் போனது.

மாலைதான். ஆனால் அந்த மழையில் கூடம் கிணறு மாதிரி இருண்டது. சிலர் சிரித்தார்கள். "பயப்புட வேணாம், ஜெனரேட்டர் ஈக்கிது," என்றார் ஹாஜியார். யாரோ கைபேசி விளக்கைப் போட்டார்கள். அது கண் சிமிட்டி அணைந்தது. விறகுப் புகை. முதலில் மெல்ல. பிறகு மூச்சு முட்ட.

சப்.

இடது கோடியில். யுகேஷ் நின்ற இடத்தில்.

சப். சப்.

ஈர மண்ணை உள்ளங்கையால் அறையும் சத்தம். அவசரமில்லாமல். ஒரு அறை, ஒரு தடவல். ஒரு அறை, ஒரு தடவல்.

"என்ன சத்தம் அது?" அந்த அம்மையார் கேட்டார். "யாரு தண்ணிய..."

சப்.

அவர் குரல் நடுவில் நின்றது.

மின்ஹா கத்த நினைத்தாள். எல்லாரும் விலகுங்கள், கயிற்றை விட்டு விலகுங்கள். அதற்குள் தேநீர்க் கோப்பை ஒன்று விழுந்து உடைந்தது. பிறகு இன்னொன்று. ஓடும் காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஒரு காலடிகூட. சத்தம் இடமிருந்து வலமாக நகர்ந்தது. ஒவ்வொரு ஆளாக. ஒவ்வொரு மூச்சாக.

"மகள்," ஹாஜியாரின் குரல், மிகக் கிட்டத்தில், "மகள், கால அசைக்க ஏலாம..."

சப். சப். சப்.

பிறகு தடவல். நீளமாக.

பிறகு மழை மட்டும்.

ஜெனரேட்டர் உறுமியது. விளக்குகள் வந்தன.

சுவர் நின்றது.

தோளோடு தோள் ஒட்டி, முகம் வெளிப்பக்கம் பார்க்க, அவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். தலைமயிரிலிருந்து கால்வரை மண். தோளுக்கும் தோளுக்கும் நடுவே மண். அவர்களுக்கு மேலே கூரைவரை மண். வாய் இருந்த இடத்தில் மழமழவென்று தடவிய மண். அதில் விரல்கள் போன வழி தெரிந்தது. கண்களை மட்டும் பூசவில்லை. கண்கள் எல்லாம் திறந்திருந்தன. எல்லாம் மின்ஹாவைப் பார்த்தன.

யுகேஷ் இமைத்தான்.

அவள் ஓடியிருக்கலாம். கதவு பின்னால்தான் இருந்தது. ஆனால் அவன் இமைத்தான். அவள் அவனிடம் ஓடினாள். வாயிலிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினாள். "யுகேஷ், கொஞ்சம் பொறுங்க, கொஞ்சம்..." மண் வரவில்லை. நூறு மழை பார்த்த பழஞ்சுவர் போல இறுகியிருந்தது. தட்டினாள். கல்லில் தட்டியது போல் கை நொந்தது. அவன் கண்ணோரத்தில் நீர் கோத்து, மண்ணில் ஒரு கோடாக இறங்கியது.

சுவருக்கு உள்ளே அடுப்பு எரிந்தது. விறகு வெடிக்கும் சத்தம் கேட்டது. யாரோ கோப்பையில் தண்ணீர் வார்த்தார்கள். யாரோ ஊதி ஊதி ஆற்றினார்கள். ஒரு மிடறு. இன்னொரு மிடறு. யாரும் பார்க்காத இடத்தில், ஆறுதலாக.

அப்போதுதான் அவள் பார்த்தாள். யுகேஷுக்கு அடுத்து, அவள் கைக்கு எட்டும் தூரத்தில், சுவரில் ஒரு இடம் இன்னும் பூசப்படாமல் இருந்தது. மேலிருந்து கீழ்வரை. ஒரு ஆள் அகலம். அதற்குள்ளே நெருப்பின் வெளிச்சம் அசைந்தது.

உள்ளே மிடறுச் சத்தம் நின்றது.

மின்ஹா பின்வாங்கப் பார்த்தாள். கால் வரவில்லை.

இடைவெளியிலிருந்து ஒரு கை வந்தது. மெலிந்த கை. முழங்கைவரை ஈர மண். உள்ளங்கை வெடித்து, வெடிப்பில் ரத்தம். அது காற்றைத் துழாவவில்லை. இடைவெளியைச் சாண் போட்டு அளந்தது, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம்வரை.

பிறகு மின்ஹாவின் ஒரு தோளில் விரலை ஊன்றி, மறு தோள்வரை அளந்தது.