இறங்கும் முள்

குமிழ் மறுபடியும் ஓடிவிட்டது.

சாப்பாட்டு மேசையின் வாசல் பக்கத்து இரண்டு கால்களுக்கும் காலையில்தான் அட்டையை மடித்து முட்டுக் கொடுத்து, ரசமட்டத்துக் குழாயின் குமிழை நட்டநடுவில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தால், அது சமையலறைப் பக்கத்து ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு, பிடி பார்க்கலாம் என்பது போல நின்றது. மேசை வாசலை நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு மடிப்பு வைத்தான். குமிழ் நடுவுக்கு வந்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவசரமே இல்லாமல், திரும்பவும் நகர்ந்தது.

"உங்க சித்தப்பா கட்டின வீடு. நேரா இருந்தாத்தான் ஆச்சரியம்," என்றாள் மனைவி, தட்டுகளை அடுக்கியபடி.

"அஸ்திவாரம் இறங்குதோ என்னமோ."

"அப்படி ஒண்ணு போட்டாரா அவரு?"

சிரித்தான். ஆனால் கண் குமிழை விட்டு நகரவில்லை. மட்டம் சரியில்லாத மேசையில் நுண்ணிய கருவியைப் பிரித்து வைத்து வேலை பார்க்க முடியாது. அவன் வேலையே அதுதான். பழைய போர் விமானங்களைத் திருத்தி மறுபடி நிமிர்த்தும் கொட்டகையில் மீட்டர், கேஜ், திசைகாட்டி எல்லாம் அவன் பொறுப்பு. அங்கே அவனுக்கு முள்ளு டாக்டர் என்று பெயர். இந்த வாரம் கொட்டகையில் பழைய பெயிண்டை உரித்துக்கொண்டிருந்தார்கள். தூசிக்குப் பயந்து, ஒரே ஒரு கருவியைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வந்திருந்தான். ஆல்டிமீட்டர். விமானம் எவ்வளவு உயரத்தில் பறக்கிறது என்று காட்டும் வட்ட முகம். கறுப்புத் தட்டு, வெள்ளை எண்கள், ஒற்றை முள்.

அது 'கிழவி'யின் ஆல்டிமீட்டர். போர்க்காலத்துக் குண்டுவீச்சு விமானத்துக்குக் கொட்டகைக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் அது. காட்டுக்கு நடுவில், சமதரையில் கிடந்தாள் கிழவி. சுற்றிலும் ஒரு மரத்தின் கிளைகூட முறிந்திருக்கவில்லை. காற்றாடி இதழ்கள் வளையவில்லை, சக்கரங்கள் வயிற்றுக்குள் மடங்கியபடியே இருந்தன. விழுந்த விமானம் மாதிரியே இல்லை, யாரோ கையில் எடுத்து மெல்ல இறக்கி வைத்த மாதிரி. எடுத்துவரப் போன கூட்டத்தில் கொட்டகை வெல்டரும் இருந்தான். வாய் மூடாத அந்த வெல்டர் இதை மட்டும் ஒரே ஒரு தடவைதான் சொன்னான்.

"சீட்டுல பட்டை எல்லாம் பூட்டினது பூட்டினபடி இருந்துச்சு அண்ணே. உள்ளே யாரும் இல்லை."

விமானம் முழுவதிலும் உடைந்திருந்தது ஒரே ஒரு கண்ணாடிதான். இந்த ஆல்டிமீட்டரின் கண்ணாடி. முள் ஆறாயிரம் அடியில் நின்றுபோயிருந்தது.

"கண்ணாடியை மாத்து, எண்களைத் துடை. முள்ளைத் தொடாத," என்றிருந்தார் ஃபோர்மேன். "நின்ன இடத்துலயே நிக்கட்டும். பாக்க வர்றவங்களுக்கு அதுதான்யா கதை."

சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தான். ஆனால் நின்றுபோன முள்ளை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்கு, மூக்கு அரிக்கும்போது கையைக் கட்டிப்போட்ட மாதிரி. முள்ளின் அடியில் பழுப்பாக ஏதோ இறுகிக் காய்ந்திருந்தது. பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்த பிசுக்கு என்று பார்த்தவுடனே தெரிந்தது. நேற்று சாயங்காலம் பல்குத்தும் குச்சியால் அதைச் சுரண்டி, ஸ்பிரிட்டில் துடைத்து, ஒரு பொட்டு எண்ணெய் விட்டான். முள் சிலிர்த்துக்கொண்டது. இந்த ஊர்த் தரைக்கு அது சட்டென்று பூஜ்யத்துக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. உள்ளே காற்றழுத்தத்தை உணரும் பித்தளைச் சிமிழ் ஓட்டையாகியிருக்கும், நாளைக்குப் பார்க்கலாம் என்று புதுக் கண்ணாடியைப் பதித்து மூடிவிட்டுத் தூங்கப் போனான்.

இப்போது முள் நாலாயிரத்தில் இருந்தது.

"அம்மா, காது அடைக்குது," என்றாள் வாண்டு. ஐந்து வயது. தரையில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"ஐஸ் தின்னாதன்னு சொன்னா கேட்டாத்தானே. எச்சில் முழுங்கு."

அவனும் விழுங்கினான். இரண்டு காதிலும் டக்கென்று ஒரு சத்தம். திறந்த காதுக்குள் அதுவரை கேட்காத ஓர் உறுமல், சுவருக்குள்ளிருந்து வருவது போல, ஏறாமல் இறங்காமல் ஒரே சுருதியில் கேட்டது. ஃபிரிட்ஜாக இருக்கும். எழுந்துபோய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். அதன் முனகல் அடங்கியது. உறுமல் அடங்கவில்லை. கூடவே ஒரு வாசனை, பெட்ரோலும் சூடேறிய ரப்பரும் நனைந்த தோலும் கலந்து, எங்கிருந்து என்று மூக்கால் தேட முடியாத அளவுக்கு மெல்லியதாக, ஆனால் எந்த அறைக்குப் போனாலும் அவனுக்கு முன்பே அங்கே வந்திருந்தது. சன்னலுக்கு வெளியே காலையிலிருந்து மூட்டம். எதிர்வீட்டின் பச்சைக் கதவு தெரியவில்லை. எதைப் பார்த்தாலும் குரைக்கும் பக்கத்து வீட்டு நாய் இன்று ஒரு தடவைகூட வாய் திறக்கவில்லை.

வாண்டின் சிவப்புக் கிரேயான் உருள ஆரம்பித்தது. பிறகு நீலம். பிறகு டப்பாவில் மிச்சமிருந்த எல்லாமும். கடகடவென்று கூடத்தைத் தாண்டி, வாசல் கதவில் முட்டி வரிசையாக நின்றன.

"ஐ! அப்பா, ரேஸ்!" என்று கைதட்டினாள்.

அவன் வெல்டருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, ஆயுசு நூறு உங்களுக்கு. நானே கூப்பிடணும்னு இருந்தேன். அந்த மீட்டரைக் கொண்டாந்து மாட்டிடுங்க."

"ஏன்?"

"அது இருந்த ஓட்டை வழியா காத்து வருது."

"எங்கயாவது கதவு தொறந்திருக்கும்ப்பா."

"எல்லாம் சாத்தியிருக்கு. மீட்டர் பலகைக்குப் பின்னாடி கையை விட்டுப் பாத்துட்டேன், வெறும் தகரம். ஆனா காத்து அடிக்குது, ஐஸ் மாதிரி. துணியை வெச்சு அடைச்சேன். துப்பிடுச்சு அண்ணே." வெல்டர் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. "முள்ளைத் தொட்டீங்களா?"

"இல்லையே."

"அப்ப சரி. ஏன்னா கிழவி இன்னிக்கு மூக்கைச் சாச்சிருக்கா. ஜாக்கி மேலதான் நிக்கிறா, ஜாக்கி இறங்கலை. ஆனாலும் சாஞ்சிருக்கா. உள்ள இருந்து யாரோ..."

இணைப்பு போய்விட்டது. திரும்பப் போட்டால் மணிகூட அடிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் போனே அணைந்துபோனது. கறுத்த திரையோடு அதை ரசமட்டத்தின் மேல் சாய்த்து வைத்தான்.

முள் இரண்டரை ஆயிரத்தில். ஆறிலிருந்து நாலுக்கு வர ஒரு ராத்திரியும் பாதிப் பகலும் ஆனது. அதன்பின் இவ்வளவும் ஒரு போன் பேச்சுக்குள்.

அவன் படித்த படிப்பும் பார்த்த வேலையும் ஒன்றைத்தான் சொன்னது: ஆல்டிமீட்டர் பொய் சொல்லலாம், ஆனால் ரசமட்டமும் காதும் சேர்ந்து அதே பொய்யைச் சொல்லாது. வீடு இறங்கிக்கொண்டிருந்தது. முள் பூஜ்யத்தைத் தொட்டால்?

"என்னங்க, முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"வாண்டைத் தூக்கு. வெளியில போலாம்."

"எங்க? ஏன்?"

"தூக்கும்மா!"

அவன் அந்தக் குரலில் பேசி அவள் கேட்டதே இல்லை. தூக்கிக்கொண்டாள். அவன் கருவியை இடுக்கிக்கொண்டு வாசலுக்குப் போனான்; போகவே வேண்டியிருக்கவில்லை, தரை அவனை அங்கே கொண்டுபோய் விட்டது. தாழ்ப்பாளை நீக்கினான். கதவு ஒரு சாண் திறந்ததும் காற்று அதைப் பிடுங்கியது. பனிக்காற்று. வெள்ளைப் புகை. காலுக்கடியில் கிடந்த மிதியடி சடக்கென்று கிளம்பி வெளியே பறந்தது.

வாசற்படியில் அது விழவில்லை.

கீழே போனது. சுழன்று சுழன்று, சின்னதாகிச் சின்னதாகி, போய்க்கொண்டே இருந்தது.

தோளைக் கொடுத்துக் கதவைச் சாத்தினான். திரும்பினான். அவளும் பார்த்திருந்தாள். குழந்தையின் முகத்தைத் தன் கழுத்துக்குள் அழுத்திக்கொண்டிருந்தாள்.

"காது வலிக்குதும்மா... ரொம்ப வலிக்குது..."

கூடம் இப்போது சறுக்குமரம். தட்டுகள் சரிந்தன. நாற்காலி ஒன்று தானாக நடந்து வந்து சுவரில் மோதியது. அவள் தவழ்ந்து போய்ச் சன்னல் கம்பியைப் பிடித்தாள். சன்னலோரக் கட்டிலில் கிடந்த போர்வையை இழுத்து முறுக்கி, தன்னையும் மடியிலிருந்த வாண்டையும் சேர்த்துச் சுற்றி, கம்பியோடு கட்டினாள். ஒரு முடிச்சு. அதன் மேல் இன்னொரு முடிச்சு.

"நீங்களும் வாங்க!"

அவன் சரிவில் மேசை வரை ஏறிப் போனான். மேசையை முழங்காலால் சுவரோடு அழுத்தி, சரிந்த ரசமட்டத்தையும் அதன் மேல் சாய்ந்திருந்த போனையும் முழங்கையால் தடுத்துக்கொண்டு, ஆல்டிமீட்டரின் திருகைத் திருப்பினான். தரை எங்கே இருக்கிறது என்று கருவிக்குச் சொல்லும் திருகு அது. முள் ஒரு மயிரிழை ஏறியது. வழுக்கியது. முன்பைவிட வேகமாக.

ஆயிரம்.

உறுமல் ஊளையாக மாறியது.

எண்ணூறு.

சட்டைப்பையிலிருந்த ஸ்பேனரின் பிடியால் கண்ணாடியை உடைத்தான். அவன் பதித்த புதுக் கண்ணாடி. உள்ளே விரலை விட்டான். முள்ளை அழுத்தினான். அறுந்த பல்லி வால் போல அது விரலுக்கடியில் துடித்தது, தள்ளியது. விடவில்லை. கண்ணாடிச் சில்லு விரலைக் கீறியது. விடவில்லை.

முள் நின்றது.

ஊளை இறங்கி உறுமலானது. சரிந்துகொண்டிருந்த தட்டு பாதி வழியில் நின்றது. குமிழ் நின்றது.

"நின்னுடுச்சாங்க?" பின்னாலிருந்து அவள் குரல்.

"நின்னுடுச்சு." அவன் திரும்பவில்லை. திரும்பினால் விரல் அசையும். "ரெண்டு பேரும் அப்படியே இருங்க. அவுத்துடாத."

"கையை எடுத்துடாதீங்க."

"எடுக்கலை."

விரலிலிருந்து ரத்தம் வழிந்தது. முள்ளின் மேல் ஓடி, அதன் அடியில் போய்த் தேங்கியது. அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இது காயும். காய்ந்தால் பழுப்பாகும். இறுகும்.

குச்சியால் சுரண்டினானே. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தானே. எண்ணெய்ப் பிசுக்கு என்று.

இவனுக்கு முன்னால் ஒருவன். இதே மாதிரி கண்ணாடியை உடைத்து. இதே இடத்தில் விரலை வைத்து.

"அப்பா," என்றாள் வாண்டு. "காது வலி போயிடுச்சு."

கண்ணில் நீர் முட்டியது. "போயிடுச்சா? சமத்து. அம்மாவை கெட்டியா பிடிச்சுக்க."

"சரிப்பா. அப்பா, ஜன்னல் வழியா..."

அவ்வளவுதான்.

"ஜன்னல் வழியா என்னடா?"

உறுமல்.

"வாண்டு?"

பெட்ரோல் வாசனை. நனைந்த தோல்.

"ஏம்மா... ஏதாவது பேசு. என்ன ஆச்சு? பேசும்மா!"

விரலை எடுக்க முடியாது. எடுத்தால் எண்ணூறு அடி. எடுக்காமல் திரும்ப முடியாது. கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தான், கண் எட்டவில்லை. அப்போதுதான் மேசையில் அது கண்ணில் பட்டது. ரசமட்டத்தின் மேல் சாய்ந்திருந்த போன். அணைந்த, கறுத்த திரை. அதற்குள் அவனுக்குப் பின்னால் இருந்த சன்னல் தெரிந்தது.

கம்பிகள். வெளியே வெள்ளைப் புகை. கம்பியைச் சுற்றி, அவள் முறுக்கிக் கட்டிய போர்வை. ஒரு தாயும் மடியில் ஒரு குழந்தையும் இருக்கும் பருமனுக்கு உப்பி, தளராமல்.

முடிச்சு போட்டது போட்டபடி இருந்தது.

உள்ளே யாரும் இல்லை.