அவள் கொட்டாத ‘ம்’

ஒலிப்பதிவில் ஒரு ‘ம்’ கூடுதலாக இருந்தது.

ஜெனி பின்னால் இழுத்து மறுபடி கேட்டாள். பேச்சில் சொற்களை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் ஆராய்வதுதான் அவள் படிப்பு. பெருமூச்சு, செருமல், உச்சுக்கொட்டல், குரல் நடுக்கம். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் முழிப்பாள். எத்தனை தடவை மூச்சு வாங்கினார்கள் என்றால் பட்டென்று சொல்வாள். போன வாரம் இலத்தூரில் முப்பிடாதியம்மாள் வீட்டில் இதைப் பதிவு செய்தபோது அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை. தன் குரல் கலந்துவிடக் கூடாதென்று ஜெனி வாயே திறக்காமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“ம் கொட்டும்மா, சும்மா இருக்காத,” என்று அந்த அம்மாள் கெஞ்சியதுகூடப் பதிவில் இருந்தது.

குற்றாலத்தில் வாடகைக்கு எடுத்த வீடு. காலையிலிருந்து விடாத சாரல், மூன்று மணிக்கே இருட்டு, கரண்ட் வேறு போயிருந்தது. கொடியில் காயாத துணியின் முடைநாற்றத்துக்கும் தகரத்தில் மழை விழும் சத்தத்துக்கும் நடுவே லேப்டாப் வெளிச்சம் மட்டும் இருந்தது. உள்ளறையில் மகள் ஷாரோன் தனியாக விளையாடிக்கொண்டிருந்தாள். ஐந்து வயது. சற்றுமுன்தான் வந்து முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

“கத சொல்லுதேன், ம் கொட்டும்மா.”

“வேலையா இருக்கேம்லா. உள்ள போய்ச் சொல்லு.”

மறுபடியும் அந்த ‘ம்’. கடைசியில் லேசாக மேலே ஏறும், ‘சொல்லு சொல்லு’ என்கிற வகை. திரையில் அதன் அலைக்கோட்டைப் பார்த்ததும் ஜெனிக்குத் தெரிந்துவிட்டது. அது அவளுடைய குரல்.

அப்போதுதான் முதல்முறையாக அவள் அந்த அம்மாளின் சொற்களைக் காதுகொடுத்துக் கேட்டாள்.

“நெல்லு காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். எம் பிள்ள கத சொல்லுதேன், ம் கொட்டுன்னா. நான் கொட்டல. பொறவு பாத்தா உள்ளருந்து கொட்டுது, எங் கொரல்லயே. வெளிய போவமான்னு கேட்டுருக்கா. அதுக்கும் ம்னுருச்சு. போனவதான், திரும்பல. கேக்குத ஆளு கொட்டலன்னா வேற ஒண்ணு கொட்டிரும்மா.”

நீண்ட மூச்சு. பிறகு, ‘ம்’.

ஜெனி ஹெட்ஃபோனைக் கழற்றினாள். லேப்டாப்பை மூடினாள்.

மழை. உள்ளறையில் ஷாரோனின் குரல்.

“அப்புறம் அந்த முயலு ஆத்துக்குப் போச்சாம்.”

“ம்.”

கூப்பிட வாய் திறந்தாள். காற்று மட்டும் வந்தது. தொண்டையைப் பிடித்தாள். செருமல்கூட இல்லை.

“அம்மா, நாம அருவிக்குப் போவமா?”

“ம்.”

எவ்வளவு பாசம் அதில். ஜெனி தன் பிள்ளையிடம் அப்படி ஒரு ‘ம்’ சொல்லி மாதக்கணக்காகியிருந்தது.

புறவாசல் தாழ்ப்பாள் விலகியது. ஐந்து வயதுக் கைக்கு எட்டாத தாழ்ப்பாள்.

ஓடினாள். இருட்டில் தண்ணீர்க் குடத்தில் கால் இடித்தது. குடம் உருண்டது.

சத்தம் கேட்டு முற்றத்தில் ஷாரோன் நின்றாள். மழையில் தனியாகத்தான் நின்றாள். ஆனால் வலது கை மேலே தூக்கியிருந்தது, பெரியவர்கள் கையைப் பிடித்திருக்கும்போது தூக்கியிருக்குமே, அப்படி. விரல்கள் எதையோ இறுகப் பற்றியிருந்தன.

ஜெனி வாயைத் திறந்து திறந்து மூடினாள். கண்ணீர் வந்தது. குரல் வரவில்லை.

பிள்ளை அவளை மேலும் கீழும் பார்த்தது. பயந்து ஓரடி ஒதுங்கியது. பிறகு தன் பக்கத்தில் நிமிர்ந்து பார்த்துக் கேட்டது.

“அம்மா, அங்கன நிக்குது யாரும்மா?”