பூச்சி தின்னும் செடியும் மூன்றாவது நாற்காலியும்

“பூச்சி தின்னும் செடியை உயிரோட கொண்டு வந்தா எனக்கும் நாற்காலி உண்டா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க மேடம்!”

ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு செவ்வந்தி கேட்டாள். உள்ளே மேசையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கல்பனா மேடம். சென்னையில் கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர், வேலையை விட்டுவிட்டுப் பச்சைமலை அடிவாரத்தில் தோட்டம் வாங்கிக்கொண்டு வந்தவர். இன்னொருத்தி அவருடைய மகள் நேத்ரா. வயது பதின்மூன்று. பள்ளிக்கூடத்துக்குப் போவதில்லை. அம்மாவே வாத்தியார். எட்டாம் வகுப்புப் படிக்கிற வயதில் அவள் முன்னால் விரித்துக் கிடந்தது பிளஸ் ஒன் உயிரியல்!

செவ்வந்திக்கும் பதின்மூன்றுதான். அவள் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் இடம் காலி. விளையாட்டு சார் வந்து புத்தகத்தை வாசித்துவிட்டுப் போவார். கேள்வி கேட்டால் “உக்காரு” என்பார். இங்கேயோ நேத்ரா ஒரு கேள்வி கேட்டால் அவள் அம்மா எழுந்துபோய் நுண்ணோக்கியை எடுத்து வருகிறார்! தன் அம்மா சரசு இந்தத் தோட்டத்தில் களை பிடுங்கும் சனிக்கிழமைகளில் எல்லாம் செவ்வந்தி இந்த ஜன்னலில்தான் தொங்குவாள். பார்க்கப் பார்க்க வயிறு எரியும். எரிந்தாலும் நகர மாட்டாள்.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. உயிருள்ள ஒன்று மேசைக்கு வந்தால்தான் அதற்கான பாடம் திறக்கும். தவளை வந்தால் தவளைப் பாடம். பெரணி வந்தால் பெரணிப் பாடம். கொண்டுவந்தவரே முதல் கேள்வி கேட்க வேண்டும். அடுத்த பாடம் பூச்சி தின்னும் செடி.

கல்பனா மேடம் கண்ணாடியைக் கழற்றினார். “சும்மா யாரையும் உட்கார வைக்க மாட்டேன். என் மகளுக்கும் அதுதான் ரூல். நீ கொண்டு வந்தா மூணாவது நாற்காலி போடுறேன். இந்தப் புத்தகம் முடியுற வரைக்கும் அது உன்னோடது.”

“அப்போ நான் கொண்டு வந்தா?” என்றாள் நேத்ரா படபடவென்று.

“வழக்கம்போல நாம ரெண்டு பேர்.”

செவ்வந்தி நேத்ராவைப் பார்த்தாள். ஏற்கெனவே நாற்காலி இருக்கிறவளுக்கு இதிலும் போட்டியா?

ஆனால் ஒருத்தி இல்லாமல் ஒருத்திக்கு வேலை ஆகாது. நேத்ராவிடம் படம் இருந்தது, மலை தெரியாது. செவ்வந்திக்கு மலை தெரியும். படத்தை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. “மூணு பேரா போங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்துடணும். வேரோட ஒண்ணே ஒண்ணு, அதுக்கு மேல பிடுங்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார் மேடம். மூன்றாவது ஆள் ரமீஜா. செவ்வந்தியின் வகுப்புத் தோழி, பஸ் நிலையத்தில் டீக்கடை வைத்திருப்பவரின் மகள். வாய் சும்மா இருக்காது.

“செடி பூச்சியைத் திங்குமா? எங்க வாப்பா கடை வடையைத் திங்குமான்னு கேளு, பழசு நிறைய இருக்கு” என்றாள் அவள்.

புறப்பட்டார்கள்! முதல் நாள் பெய்த ஐப்பசி மழையில் ஓடைப் பாதை சறுக்கியது. முள்ளை விலக்கி, பாறையைப் பற்றி, மூச்சு வாங்க ஏறினார்கள். நேத்ராவின் காலில் கணுக்கால் வரை மூடும் தடித்த ஷூ. செவ்வந்தியின் காலில் வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. அந்த ஷூவின் பின்பக்கத்தைப் பார்த்தபடியே ஏற வேண்டாம் என்றே அவள் முன்னால் நடந்தாள்.

“பாம்பு இருக்குமா?” என்று கேட்டாள் நேத்ரா.

“இருக்கும். ஆனா அது பிளஸ் ஒன் படிச்சவங்களைக் கடிக்காது.”

ரமீஜா களுக்கென்று சிரித்தாள். நேத்ராவும் சிரிக்கப் பார்த்தாள். பிறகு வாயை மூடிக்கொண்டாள்.

ஊற்றுப்பாறையை அடைந்தபோது மூவரும் நனைந்திருந்தார்கள். மலைச்சரிவில் களம் போலப் பரந்த பாறை அது. எங்கிருந்தோ கசிந்த தண்ணீர் அதன் மேல் மெல்லியதாக ஓடிக்கொண்டே இருந்தது. குழிகளில் மணல், மணலில் பாசி. “சத்தில்லாத ஈர மண்ணுலதான் இது வளரும். மண்ணுல கிடைக்காத சத்தைப் பூச்சியிலிருந்து எடுத்துக்கும்” என்று சொல்லி நேத்ரா படத்தை விரித்தாள். டிரோசீரா! பக்கம் முழுக்க ஒரே செடி. கரண்டி கரண்டியாக இலைகள், இலையெல்லாம் முடி, முடி நுனியில் பசைத்துளி.

“என் முழங்கால் உசரம் இருக்கும்” என்றாள் செவ்வந்தி.

“அதுக்கு மேலயே இருக்கும். இலையைப் பாரேன், எவ்ளோ அகலம்!”

தேடினார்கள். புதரைப் பிரித்தார்கள். மரத்தைச் சுற்றினார்கள். ரமீஜா ஒரு பூச்சியைப் பிடித்து ஒவ்வொரு செடியிடமும் நீட்டி, “சாப்பிடுறியா தாயே?” என்று கேட்டுப் பார்த்தாள். எந்தச் செடிக்கும் பசி இல்லை. கடைசியில் களைத்துப்போய்ப் பாறையிலேயே உட்கார்ந்து எலுமிச்சம் சாதத்தைத் திறந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் ரமீஜா டப்பாவைக் கழுவப் போனாள். நேத்ரா பாறை விளிம்பில் நின்று தூரத்தைத் துழாவினாள்.

செவ்வந்தி எழுவதற்காகக் கையை ஊன்றினாள். உள்ளங்கையில் ஏதோ பிசுக்கென்று ஒட்டியது. குனிந்தாள்.

மணலோடு மணலாக, ஒரு ரூபாய்க் காசு அளவில், சிவப்பாக ஒரு வட்டம். கரண்டி கரண்டியாக இலைகள். இலையெல்லாம் முடி. ஒவ்வொரு முடியிலும் ஒரு மினுங்கும் துளி. அதில் ஓர் எறும்பு கால் சிக்கி இழுத்துக்கொண்டிருந்தது. அவள் கண்ணெதிரிலேயே ஒரு முடி மெதுவாக வளைந்து எறும்பின் மேல் படுத்தது!

பக்கத்தில் இன்னொன்று. அதற்கப்பால் நாலைந்து. இவ்வளவு நேரமும் இதன் மேல் உட்கார்ந்துதான் சோறு தின்றிருக்கிறார்கள்! படம் பக்கம் முழுக்க இருந்ததால் செடியும் அவ்வளவு பெரிது என்று இரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

கத்த வேண்டும் போலிருந்தது. “நேத்…” என்று வாயும் திறந்தது. ஆனால் உள்ளே வேறொரு குரல் முந்திக்கொண்டது. கூப்பிட்டால் அவள் ஓடிவருவாள். லென்ஸை எடுப்பாள். பெயர் சொல்வாள், குடும்பம் சொல்வாள், கண்டுபிடித்ததே அவள்தான் என்று ஆகிவிடும். எல்லாம் இருக்கிறவளுக்கு இதுவும் போய்ச் சேரும்.

செவ்வந்தி தோளில் கிடந்த துண்டை எடுத்தாள். செடிகளின் மேல் விரித்தாள். அவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் ஒன்றைத் தோண்டிப் பைக்குள் போட்டுக்கொள்ளலாம்.

“செவ்வந்தி! அங்க பாரு!” என்று நேத்ரா விளிம்பிலிருந்து கூவினாள். “கீழ ஓடைக்கு நடுவுல செவப்பா, பெரிசா ஒண்ணு தெரியுது. அதுவா இருக்குமா?”

செவ்வந்தி எட்டிப் பார்த்தாள். பள்ளத்தில் ஓடையின் நடுவே ஒரு திட்டுப்பாறை. அதில் சிவந்த கொழுந்து விட்ட ஏதோ புதர். அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. அது தேடி வந்த செடி இல்லை என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

“அதுவாத்தான் இருக்கும். போய்ப் பாரு.”

“நீ வரல?”

“கால் வலிக்குது. நீ போ.”

நேத்ரா இறங்கினாள். செவ்வந்தி துண்டின் ஒரு முனையைத் தூக்கி விரல்களால் மணலைக் கிளறத் தொடங்கினாள். மலையுச்சியில் மேகம் கறுத்திருந்ததை அவள் பார்க்கவில்லை.

“தண்ணி! ஏய், தண்ணி வருதுடி!”

ரமீஜாவின் அலறல்! கழுவின டப்பாவைப் பாறை மேல் போட்டுவிட்டு அவள் ஓடிவந்தாள். பின்னாலேயே கடகடவென்று சத்தம். உச்சியில் பெய்த மழை செம்மண்ணும் சருகுமாக ஓடையில் பாய்ந்தது. கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இடுப்புக்கு ஏறியது. நடுத்திட்டில் அந்தப் புதரைக் கட்டிக்கொண்டு நேத்ரா நின்றாள். வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை.

“கயிறு! கயிறு ஏதாச்சும் இருக்கா?” என்று பதறினாள் ரமீஜா.

செவ்வந்தி ஒரு நொடி நின்றாள். பிறகு துண்டைச் சரக்கென்று உருவினாள். சிவப்பு வட்டங்கள் வெளியே தெரிந்தன. தெரியட்டும்!

ரமீஜாவின் துப்பட்டா, தன் துப்பட்டா, இந்தத் துண்டு. மூன்றையும் இறுக்கி முடிந்தாள். இருவரும் சறுக்கி இறங்கினார்கள். கரையில் நின்ற மரத்தை ரமீஜா ஒரு கையால் வளைத்துக்கொண்டாள், மறுகையில் துணியின் முனை. மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு செவ்வந்தி தண்ணீரில் இறங்கினாள். செருப்பு அப்போதே போய்விட்டது.

“குதிக்காதே! என் கையைப் பிடி! புதரை விடு, கையைப் பிடிடி!”

“பயமா இருக்கு!”

“எனக்கும்தான்! பிடி!”

நேத்ரா கையை நீட்டினாள். விரல் பட்டது, வழுக்கியது, மறுபடி பட்டது. பிடித்துக்கொண்டாள்! தண்ணீர் இரண்டு பேரையும் புரட்டியது. ரமீஜா “யா அல்லா!” என்று பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். துப்பட்டா கிழியும் சத்தம் கேட்டது. முழுதாகக் கிழிவதற்குள் இருவரின் முழங்கால்களும் கரைக்கல்லில் மோதின. தப்பித்தார்கள்!

மேலே ஊற்றுப்பாறைக்குத் தவழ்ந்து வந்து மூவரும் குப்புற விழுந்தார்கள். இருமினார்கள். முதலில் தலையைத் தூக்கியவள் நேத்ரா. அவளுடைய மூக்குக்கு நேராக ஒரு சிவப்பு வட்டம்.

“செவ்வந்தி… ரமீஜா… இதான்! இவ்ளோ குட்டியா! நான் கண்டுபிடிச்சிட்டேன்!”

செவ்வந்தி யோசித்தாள். பேசாமல் இருந்துவிடலாம். காப்பாற்றியவள் என்று மேடம் தலையைத் தடவுவார், சரசுவிடம் பெருமையாகச் சொல்வார். நாற்காலி மட்டும் கிடைக்காது. நாற்காலி வேண்டுமென்றால் அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவள் எழுந்து உட்கார்ந்தாள்.

“நீ கண்டுபிடிக்கல. நான் முன்னாடியே பார்த்துட்டேன். துண்டைப் போட்டு மூடி வச்சேன். கீழ இருந்தது இது இல்லைன்னு தெரிஞ்சேதான் உன்னை அனுப்பினேன். தண்ணி வரும்னு எனக்குத் தெரியாது. ஆனா அனுப்பினது நான்தான்.”

பளார்! நேத்ராவின் கை செவ்வந்தியின் கன்னத்தில் விழுந்தது. அடித்த பிறகு அடித்தவள்தான் அழுதாள்.

“ஏன்டி? நான் உன்னை என்ன பண்ணினேன்?”

“ஒண்ணும் பண்ணல. உனக்கு எல்லாம் இருக்கு. அதான்.”

“எல்லாமா?” நேத்ரா மூக்கை உறிஞ்சினாள். “உங்க ஸ்கூல்ல பிரேயர்ல யாராச்சும் மயங்கி விழுந்தா நாலு பேர் தூக்கிட்டுப் போவாங்களாமே. எனக்கு அந்த மாதிரி விழணும்னு ஆசை. தூக்கறதுக்கு யாரு இருக்கா? காலையிலேர்ந்து நீங்க ரெண்டு பேரும் சிரிக்கிறீங்க, எனக்கு எந்த இடத்துல சிரிக்கணும்னே தெரியல.”

செவ்வந்திக்கு இரக்கம் வரவில்லை; எரிச்சல்தான் வந்தது. வெயிலில் நின்று மயங்கி விழுவதற்கு ஒருத்தி ஆசைப்படுவாளா? “லூசு” என்றாள்.

“நீதான் லூசு.”

“ரெண்டும் லூசு. என் துப்பட்டாவுக்கு யார் பதில் சொல்றது?” என்றாள் ரமீஜா.

எறும்பு சிக்கிய அந்த ஒரே ஒரு செடி. மணலோடு தோண்டி, கழுவின டப்பாவில் வைத்து, செவ்வந்தி இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினாள். பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக்கு வந்துவிட்டார்கள்.

டப்பாவைப் பார்த்ததும் மேடத்தின் முகம் மலர்ந்தது. மகளின் முழங்காலைப் பார்த்ததும் அது மாறியது. செவ்வந்தி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். கேட்டு முடித்ததும் மேடம் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். களைக்கொத்தோடு வந்து நின்ற சரசு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நீ வீட்டுக்குப் போ” என்றார் மேடம், செவ்வந்தியின் முகத்தைப் பார்க்காமலேயே.

செவ்வந்தி டப்பாவை மேசையில் வைத்தாள். திரும்பினாள். வாசல்படி வரைக்கும் போய்விட்டாள்.

“அம்மா!” என்றாள் நேத்ரா. “உயிர் வந்தா பாடம் திறக்கும். அதானே ரூல்? நல்ல பொண்ணு கொண்டு வந்தாதான்னு சொல்லலையே!”

“நேத்ரா, நீ இன்னிக்கு…”

“செத்திருப்பேன். தெரியும். அதுக்கு நான் அவளை அறைஞ்சாச்சு. என்னை இழுத்தவளும் அவதான். செடி அவளோடது. நாற்காலியைப் போடும்மா.”

மேடம் டப்பாவை மேசை நடுவுக்கு நகர்த்தினார். பிறகு உள்ளே போனார். நாற்காலி தரையில் உராயும் சத்தம் கேட்டது. ஒன்று வந்தது. அதன் பின்னால் ஒரு முக்காலியும் வந்தது. “இழுத்துக் கரை சேர்த்தவளுக்கு” என்று ரமீஜாவின் பக்கம் தள்ளினார்.

செவ்வந்தி திரும்பி வந்து உட்கார்ந்தாள். மரம் முதுகில் கெட்டியாகப் பதிந்தது.

“கொண்டு வந்தவங்க முதல் கேள்வி” என்றார் மேடம். குரலில் இன்னும் கோபம் இருந்தது.

“புஸ்தகத்துல இதைப் பக்கம் முழுக்கப் போட்டிருக்காங்களே மேடம், பக்கத்துல ஒரு காசையாச்சும் வரைஞ்சிருந்தா நாங்க அது மேலயே உட்கார்ந்திருப்போமா?”

மேடம் படத்தைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். “நானும் இதை நேர்ல பார்த்தது இல்லை” என்று சொல்லிவிட்டு ஓர் அளவுகோலை எடுத்து வந்தார். பாடம் திறந்தது.

அன்றோடு செவ்வந்தியின் பொறாமை ஒழிந்தது என்று எழுதினால் அது பொய். அந்த ஷூவைப் பார்த்தால் அவளுக்கு இன்னமும் எரியும். ஒன்றைத்தான் கற்றுக்கொண்டாள்: கண்டதைத் துண்டு போட்டு மூடுவதைவிட, வேண்டியதை வாய் திறந்து கேட்டுவிடலாம்.

நுண்ணோக்கியில் எறும்பும் அதை அணைத்த முடிகளும் மலை போலத் தெரிந்தன. நேத்ராதான் முதலில் பார்த்துக்கொண்டிருந்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தள்ளுடி” என்று அவளைத் தோளால் இடித்தாள் செவ்வந்தி. “என் எறும்பு.”