இரண்டாவது கயிறு

"ஐயோ...! மனுசன் விழுந்திட்டுது!"

ஊர்காவற்றுறைத் துறைமுகமே அலறியது.

படப்பிடிப்புக்காகப் பாய்க்கப்பலின் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்த யாகப்பு, இரண்டு கயிறும் அறுந்து கீழே வந்து விழுந்தான்!

வலைக் குவியலில் விழுந்ததால் உயிர் தப்பியது. வலது கால் தப்பவில்லை.

யாகப்பு யாரென்று கேட்கிறீர்களா?

நீங்கள் அவனை எத்தனையோ தடவை பார்த்திருப்பீர்கள். முதுகை மட்டும்! மதராசுக்குப் போய், கதாநாயகர்களின் சட்டையைப் போட்டுக்கொண்டு மாடியிலிருந்து குதித்தவன். குதிரையிலிருந்து உருண்டவன். கைதட்டல் அவர்களுக்கு... மாவுக்கட்டு இவனுக்கு. இருபது வருடம்! போதுமென்று ஊர் திரும்பியவனைக் கொழும்புப் படக் கொம்பனி ஒன்று விடவில்லை. கதாநாயகன் சந்திரரூபனுக்கு டூப் போடப் பிடித்துக்கொண்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலருகே இன்ஸ்பெக்டர் சரவணமுத்து கதிரையை இழுத்துப் போட்டார். அவரும் அலுத்துப்போன மனிதர்தான். பக்கத்தில் வாக்குமூலம் எழுதப் பொலிஸ்காரர் அப்புத்துரை. தலைமாட்டில் யாகப்புவின் மனைவி கத்தரீனா, அழுது வீங்கிய முகத்தோடு.

"யாகப்பு, கயிறு தானா அறுந்து போகேல்லை. ரெண்டையும் ஆரோ பாதிக்குக் கத்தியால வெட்டியிருக்கினம். இது கொலை முயற்சி!"

யாகப்பு திடுக்கிட்டான்.

"ரெண்டையுமோ...?"

"ஏன், ஒண்டு போதாதோ?"

யாகப்பு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எனக்குச் சந்திரரூபனிலதான் சந்தேகம். நேற்று சனம் முழுக்க உமக்குத்தானே விசிலடிச்சது. அவர் மூஞ்சையை நீட்டிக்கொண்டு போனவராம். கூட்டுக்குள்ள தள்ளினால் கக்குவார்."

"வேண்டாம் ஐயா! அந்தப் பெடியன் பாவம். கயிறை வெட்டினது... நான்!"

அப்புத்துரையின் பேனை நின்றது.

"உமக்கென்ன, விசரே?"

"களைச்சுப்போனன் ஐயா. நாளைக்கு நெடுந்தீவுக் கடல்ல, உடம்பில நெருப்பைப் பத்தவைச்சுக்கொண்டு பாய்மரத்து உச்சியில இருந்து பாயிற சீன். இந்த உடம்புக்கு ஏலாது. பாஞ்சால் சவம்தான் கரைக்கு வரும்."

"அப்ப, ஏலாது எண்டு சொல்லுறதுதானே!"

"எப்பிடிச் சொல்ல? பாக்கிறதுக்கு என்ரை சனம் வள்ளம் பேசி வைச்சிருக்கு. பூசை முடிய, யாகப்புவுக்காக மன்றாடுங்கோ எண்டு சுவாமியார் சொன்னவர். யாகப்புவுக்குப் பயமெண்டால் என்னெண்டு தெரியாது எண்டு பெருமையடிக்கிற ஊர் ஐயா! அதுக்கு முன்னால எந்த வாயால சொல்ல?"

அவன் குரல் உடைந்தது. எந்தப் படத்திலும் யாரும் கேட்காத குரல்.

"எங்களுக்கு எப்பவும் ரெண்டு கயிறு. ஒண்டு அறுந்தால் மற்றது தாங்கும். இடப்பக்கத்தை வெட்டினால், ஒரு ஆட்டு ஆட்டி மரத்தில மோதும். கை முறியும். நாளைக்குப் பாயத் தேவையில்லை... மானமும் மிஞ்சும். ஆனா வலப்பக்கக் கயிறை நான் தொடேல்லை. மாதா அறிய!"

சரவணமுத்து துள்ளி எழுந்தார்.

"அப்ப அது சந்திரரூபன்தான்! அப்புத்துரை, விலங்கை எடும்!"

"நில்லுங்கோ ஐயா...!"

கத்தரீனா!

"அது... நான்."

யாகப்பு வாயைப் பிளந்தான்.

"இஞ்சாருங்கோ, நித்திரையிலயும் நெருப்பு, நெருப்பு எண்டு புலம்பினனீங்கள். போகவேண்டாம் எண்டால் கேப்பியளோ? ஒண்டு அறுந்தால் மற்றது தாங்கும் எண்டு எனக்குச் சொல்லிச் சொல்லித்தானே இவ்வளவு காலமும் ஆறுதல்படுத்தினனீங்கள்! ஒரு முறிவு வந்தால் வீட்டில கிடப்பியள் எண்டு நினைச்சன். சாப்பாடு கொண்டு வந்தனான்... நீங்கள் உடுப்பு மாத்தப் போன நேரம் பாத்து ஒண்டைத்தான் வெட்டினன்... ஐயோ, என்ரை கையாலயே கொல்லப் பாத்திட்டனே!"

யாகப்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கிவிட்டது.

"விசரி... எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"நீங்கள் எனக்குச் சொன்னனீங்களோ?"

சரவணமுத்து பெருமூச்சோடு மறுபடி கதிரையில் சாய்ந்தார்.

அப்புத்துரை தலையைச் சொறிந்தார். "ஐயா... கொலை முயற்சியோ, தற்கொலை முயற்சியோ? காரணம் என்னெண்டு எழுத?"

"கலியாணம் எண்டு எழுதும்!"