பிணைக்கட்டை

மரக்கட்டை வெதுவெதுப்பாக இருந்தது.

அவள் கையை எடுத்து, விரல்களைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். இருபுறமும் நின்ற புத்தகங்கள் நிலவறைக் குளிரில் சில்லிட்டுக் கிடக்க, நடுவில் இருந்த கட்டை மட்டும், யாரோ இவ்வளவு நேரம் அக்குளில் இடுக்கி வைத்திருந்து இப்போதுதான் செருகிவிட்டுப் போனதுபோல் இருந்தது. தன் கைச்சூடாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எதையும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டு மூன்றாவது முறை தன்னையே சந்தேகப்படுகிற பிறவி அவள்.

நிலவறைப் புத்தகம் எது வெளியே போனாலும், அது இருந்த இடத்தில் அதே அளவில் ஒரு கட்டையைச் செருக வேண்டும். கட்டையின் முதுகில் எடுத்துப்போனவரின் பெயர்ச் சீட்டு. புத்தகம் திரும்பினால் கட்டை வெளியே வரும். வேலைக்குச் சேர்ந்த அன்றே நூலகர் சொல்லிக்கொடுத்தது.

"காலி இடம் மட்டும் விட்டுடாதம்மா. இந்தத் தட்டுக்கு அது ஆகாது."

"தட்டுக்கா சார்?"

"ஆமா. வயிறு காலியா இருந்தா நீ சும்மா இருப்பியா?"

அந்தப் புத்தகங்களின் அட்டைகளில் துருப்பிடித்த வளையங்கள் இன்னும் தொங்கின. கையால் எழுதிய காலத்தில் அவற்றைச் சங்கிலி போட்டுத் தட்டோடு பூட்டியிருந்தார்களாம். ஒன்று தொலைந்தால் உலகத்திலிருந்தே தொலைந்த மாதிரி.

"இரவல் வேணும்னா பிணை வைக்கணும். அதே பெறுமானத்துல இன்னொரு புத்தகம். அதுக்கு வழியில்லாதவன் என்ன பண்ணுவான்? ஆளை வெச்சான். அப்புறம் அச்சு வந்துச்சு, புத்தகம் பெருகிடுச்சு, ஆளுக்குப் பதிலா பிணைக்கட்டை வந்துச்சு. ஆளுங்க வீட்டுக்குப் போயிட்டாங்க." நூலகர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "புத்தகம் திரும்பி வந்தவங்க மட்டும்."

அவருடைய வேடிக்கைகளில் ஒன்று என்று அன்றைக்குச் சிரித்துவைத்தாள்.

போன வாரம் மழைக்கு ஒதுங்க வந்த அக்கா, கைக்குழந்தையை இடுப்பில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, பறவைப் படங்கள் போட்ட ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்துவிட்டாள். துணியில் பூவேலை செய்கிறவள், மாதிரிக்கு வேண்டுமாம். "ரெண்டே நாள்டீ. எடுத்துட்டு ஓடியா போகப்போறேன்?" அக்கா கைக்குப் போன பொருள் கிணற்றில் போட்ட கல். குடை, தோடு, இவளுடைய ஒரே கம்பளிச் சட்டை, எதுவும் திரும்பியதில்லை. தெரிந்தும் கொடுத்தாள். அக்கா உறுப்பினர் இல்லை என்பதால் பெயர்ச் சீட்டில் யோசித்து யோசித்து, கடைசியில் தன் பெயரையே எழுதினாள். முறைப்படி அதுதான் சரி என்று தோன்றியது.

இப்போது, இந்த வெதுவெதுப்பான கட்டையின் முதுகில், அந்தச் சீட்டில் மை இன்னும் காயாமல் பளபளத்தது.

அக்காவைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"எந்த புக்கு? ஓ, அந்தப் பறவை புக்கா! என்கூட வேலை பாக்கிறவ கேட்டா, கொடுத்தேன்."

"யாரைக் கேட்டுக் கொடுத்த?"

"ஏன்டீ, புத்தகம்னா நாலு பேர் பாக்கத்தானே? அவ அதைத் தன் நாத்தனார்கிட்ட கொடுத்துட்டாளாம். அந்தப் பொண்ணு ஊருக்குக் கிளம்பிட்டா. வழியில புரட்டட்டும்னு..."

புத்தகம் கைமாறிய ஒவ்வொரு ஆளுக்கும் அவள் முழங்கை ஒரு சுற்று இறுகியது. விரலை மடக்கப் பார்த்தாள். மடங்கவில்லை. மணிக்கட்டில் நரம்பு ஓடிய இடத்தில் வரிவரியாக, வளைவு வளைவாக, அறுத்த பலகையில் தெரிகிற மாதிரி ரேகைகள்.

"அக்கா, அதை உடனே வாங்கு. இப்பவே!"

"ஏன் முணுமுணுக்கிற? ஒண்ணும் கேக்கல."

அவள் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஹலோ? ஹலோ? லைன் போச்சு போல."

மாடிப்படி பக்கத்திலேயே இருந்தது. நடந்தாள். தட்டுகளுக்கு நடுவில் திரும்பினாள். பழைய தோலும் துருவும் நனைந்த காகிதமும் கலந்த வாடை அடர்ந்துகொண்டே வந்தது. படி இருந்த இடத்தில் அதே தட்டு. அதே கட்டை. இந்த முறை சூடாகவே இருந்தது. மறுபக்கம் ஓடினாள். அதே தட்டு.

சீட்டு. பெயரை மாற்றிவிட்டால்?

கட்டையை உருவினாள். இறுகிய விரல்களுக்கு இடையில் பேனாவைச் செருகி, தன் பெயரை அடித்துவிட்டு, அக்கா பெயரின் முதல் எழுத்தை எழுதினாள். இடுப்பில் கைக்குழந்தையோடு நின்ற அக்கா கண்முன் வந்தாள். மழையில் நனைந்த அந்தச் சின்னப் பாதங்கள்.

பேனா நின்றது. எழுதிய எழுத்தையும் அடித்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். கட்டை தட்டில் இல்லை. அவள் கையில் இருந்தது.

காலி இடம்.

உள்ளே சுவர் தெரியவில்லை. இருட்டு. ஆழம். உள்பக்கமாக இழுக்கிற காற்று. கட்டையைத் திருப்பிச் செருகக் கை நீட்டினாள். கட்டை கீழே விழுந்தது.

கை உள்ளே போனது.

தோள். கழுத்து.

சத்தம் இல்லை.

"சார், என் தங்கச்சி நேத்து வீட்டுக்கே வரல."

அக்காவின் குரல். நேற்றா? இரண்டு புத்தகங்களுக்கு நடுவிலிருந்து அக்காவின் அழுத முகம் தெரிந்தது, ஒரு முழத் தூரத்தில். பக்கத்தில் நூலகர். அவர் விரல் தட்டின் மீது ஊர்ந்து வந்து அவள் முதுகில் நின்றது.

"இந்த இடத்துல இருந்த புத்தகம் எங்கம்மா?"

அக்கா தயங்கினாள். "இருக்கும் சார், எங்கயாவது. கொண்டு வந்துடறேன்."

"சீக்கிரம் கொண்டு வா." அவர் குரலில் வேடிக்கை இல்லை.

அக்கா கை நீட்டி அவளைத் தொட்டாள். "இந்தக் கட்டை ஏன் சார் ஈரமா இருக்கு?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காலடிகள் படியேறின. விளக்கு அணைந்தது. எங்கோ, யாரோ முகம் தெரியாத ஒருத்தி பக்கம் புரட்டினாள். அவள் விலாவில் ஏதோ ஒன்று பிரிந்து மடங்கியது. புத்தகம் மூடியது. கைமாறியது. அவள் இன்னும் ஒரு சுற்று இறுகினாள்.

பிறகு அந்த இருட்டில், தட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, பெயர் மங்கிப்போன மற்றக் கட்டைகள் எல்லாம் மெல்ல மூச்சுவிடத் தொடங்கின.