ஒரு நம்பர், ரெண்டு காட்

ஞாயிறு பூசை முடிந்து பத்தரைக்கெல்லாம் அடித்துவிடும் போன், அன்றைக்குப் பதினொன்றரையாகியும் அடிக்கவில்லை. சிக்னல் கோடுகள் அத்தனையும் நிமிர்ந்து நின்றன. பற்றரியும் நிறைந்துதான் கிடந்தது. வேலியில் காயப்போட்ட வலையின் பாசி நெடி வெயிலில் எழும்பிக்கொண்டிருக்க, பக்கத்து வளவில் யாரோ விறகு கொத்துகிற சத்தம் விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, ஜசிந்தா முற்றத்தில் நின்று அந்தச் சின்னத் திரையையே பார்த்தாள். பயம் என்று சொல்ல ஏலாது. முப்பது நாளாக அவளுக்குள் எதுவும் வந்து முட்டுவதில்லை. விறைத்துப்போன காலில் நுள்ளினால் எப்படியோ, அப்படி.

முப்பது நாளுக்கு முன் கடலுக்குப் போன அவளுடைய புருஷன் றெக்ஷன் திரும்பவில்லை. நாலாம் நாள் படகு மட்டும் எழுவைதீவுப் பக்கம் கவிழ்ந்து மிதந்தது. நாளைக்கு முப்பத்தோராம் நாள் பூசை. மரித்தவர்களோடு அவனுடைய பெயரையும் வாசிப்பதா என்று இன்று பின்னேரத்துக்குள் பங்குச் சுவாமியிடம் சொல்லவேண்டும். மாமி அல்போன்சம்மா விடவில்லை.

"உயிரோட இருக்கிறவனுக்கு மரித்த பூசை வைச்சா, அவனைக் கொல்லுறது கடலில்லை, நீதான் பிள்ளை."

ஜசிந்தா சைக்கிளை எடுத்துக்கொண்டு நாரந்தனைச் சந்திக்குப் போனாள். பிரதாபனின் போன் கடையிலிருந்து கனடாவுக்கு, ஞாயிறு தவறாமல் எடுக்கிற கொழுந்தன் யூட்டுக்கு எடுத்தாள்.

"அண்ணி, இப்பதானே எடுத்தனான். நீங்கள் போனை எடுத்திட்டு ஒண்டும் கதைக்கேல்ல."

"எனக்கு அடிக்கவே இல்லை, யூட்."

"விளையாடாதேங்கோ. மூச்சுச் சத்தம் கேட்டது. சளி பிடிச்ச மாதிரி, ஈரமா."

ஒரு போனைக் கழற்றிக்கொண்டிருந்த பிரதாபனின் கை நின்றது. எழும்பி வந்து கடைக் கதவைப் பாதி சாத்தினான்.

புது இணைப்பு எடுப்பதென்றால் கிராம சேவகரின் கடிதம், அடையாள அட்டைப் பிரதி, யாழ்ப்பாணத்துக்கு ரெண்டு தரம் பஸ். கரையில் தொழில் செய்கிறவர்கள் அதற்கெல்லாம் நிற்கவில்லை. ஒரே நம்பரை இரண்டு சிம் காட்டில் ஏற்றித் தரச்சொல்லிப் பிரதாபனிடம் வந்தார்கள். ஒன்று புருஷனோடு கடலுக்கு, மற்றது பெண்சாதியோடு வீட்டில். கடைசியாக எந்தக் காட் சிக்னல் ரவரோடு பேசியதோ, வருகிற அழைப்பு அதற்குத்தான் போகும். ரவருக்கு ஆள் தெரியாது. கொம்பனிக்குத் தெரிந்தால் பிரதாபன் உள்ளே.

"அண்ணை கொண்டுபோன காட்டுக்கு இண்டைக்கு உயிர் வந்திருக்கு, அக்கா."

"முப்பது நாள் பற்றரி நிக்குமோ?"

"மூண்டு நாள் நிண்டாலே பெரிய காரியம். கடலுக்குள்ள பிளக்கும் இல்லை."

சொன்னவனே சிரிக்கவில்லை.

"ஆரும் கண்டெடுத்திருப்பினமோ?"

"எடுத்தாலும் ஓன் பண்ண ஏலாது. நாலு இலக்கம் கேக்கும். மூண்டு தரம் பிழைச்சா காட் பூட்டிக்கொள்ளும். அது உங்களுக்கும் அவருக்கும் மட்டும்தானே தெரியும்?"

ஓம். அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான்.

பிரதாபன் அவளுடைய போனை வாங்கிப் பற்றரியைக் கழற்றி மேசையில் வைத்தான். பிறகு கடைப் போனில் அதே நம்பரை அடித்து ஸ்பீக்கரில் போட்டான். போன் நிறுத்தப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் குரல் சொல்லவேண்டும்.

சொல்லவில்லை. மணி போனது. ஒன்று. இரண்டு.

மூன்றாவதில் யாரோ எடுத்தார்கள்.

முதலில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர், சீமெந்து நிலத்தில் விழுகிற மாதிரி. அதற்குப் பின்னால் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம், கோழியொன்று கொக்கரிக்கிற சத்தம், சட்டிக்குள் அகப்பை உரசுகிற சத்தம். அவளுக்குத் தெரிந்த சட்டி. அவளுக்குத் தெரிந்த கோழி.

பிறகு மாமியின் குரல். சிரிப்போடு.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டே, ராசா?"

பற்றரியைப் போனுக்குள் திணித்துக்கொண்டு ஜசிந்தா சைக்கிளில் ஏறினாள். வழி நெடுக அழுகை வருமென்று காத்திருந்தாள். வரவில்லை.

வாசல் படலை திறந்து கிடந்தது. படலையிலிருந்து குசினி வரைக்கும் ஈரக் காலடிகள், வெயிலில் காய்ந்து உப்பு வெள்ளையாய். தண்ணீர் வற்றிக் கிடக்கிற வத்துக்கடலின் சேற்று மணம் வீட்டுக்குள் நிறைந்திருந்தது.

கதிரையில் அவன்.

"பார், நான் சொன்னனான் எல்லே!" அல்போன்சம்மாவின் முகம் முழுக்கக் கண்ணீர். "வந்திட்டான், பிள்ளை. வந்த நேரந்தொட்டுச் சாப்பிடுறான். களைப்பு, கதைக்கிறானில்லை."

றெக்ஷன் திரும்பினான். அதே முகம். போன அன்றைக்கு வழித்த கன்னம் அப்படியே, ஒரு மயிர்கூட முளைக்காமல். சிரித்தான். கதிரைக்குக் கீழே தண்ணீர் தேங்கிக்கொண்டே இருந்தது.

ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. கால் எழும்பவில்லை.

கையிலிருந்த போன் அடித்தது. பிரதாபன்.

"அக்கா, இருந்துகொண்டு கேளுங்கோ. மண்கும்பான் கரையில உடம்பு ஒண்டு. விடியவே ஒதுங்கினதாம். முகம் இல்லை. இடுப்பில பொலித்தீனுக்குள்ள போன். உடம்பைக் கண்ட செல்வரத்தினம் அண்ணை இப்பதான் போனை இங்க கொண்டுவந்து தந்தவர்." மூச்சு வாங்கினான். "போன் உப்பேறி உக்கிப்போச்சு. உள்ளுக்க இருக்கிறது நான் என்ர கையால செய்த காட்தான். அண்ணையின்ர. அக்கா, அப்ப நாங்கள் ஆரோட..."

அவள் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

"ஆர் பிள்ளை?" என்றாள் மாமி.

"ஒருத்தருமில்லை, மாமி."

அவன் சோற்றுக் கோப்பையை அவளை நோக்கி நீட்டினான். விளிம்புவரை தண்ணீர். அதற்குள் விழுங்காத சோறு, அவ்வளவும். கோப்பையைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். அவன்ர நிறம். அவன்ர நீளம்.

நகம் இல்லை. ரேகை இல்லை. மடிப்புக்கூட இல்லை.

"போடன், பிள்ளை. பார்த்துக்கொண்டு நிக்கிறாய்."

ஜசிந்தா அகப்பையை எடுத்தாள். போட்டாள். அவன் சிரித்தபடியே இருந்தான். இன்னும் போட்டாள்.