எழுநீர் வீட்டுச் சம்பந்தம்

செவ்வாய்க் கோளில் எல்லா வீட்டுப் பெண்களையும்போல அம்சவேணியும் காலையில் எழுந்ததும் சுவரைச் சுரண்டி அடுப்பிலேற்றினாள். வீடுகள் உப்புப் பாறையில் குடைந்தவை. அந்த உப்பின் படிகத்துக்குள் நீர் அடைபட்டிருந்தது. சூடாக்கினால் ஆவியாகி, குழாய் வழியே குடத்தில் சொட்டும். அன்று கால் குடம்கூடத் தேறவில்லை. சில மாதங்களாகவே இப்படித்தான்.

உப்புகளுக்குப் பெயர் வைப்பதுதான் அவள் உத்தியோகம். ஓர் உப்பு மூலக்கூறோடு ஏழு நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருந்தால் எழுநீர் உப்பு; ஒன்றே இருந்தால் ஒருநீர்; ஒன்றுமே இல்லையென்றால் நீரிலி. குலப்பெயர்களைப் பூமியிலேயே உதறிவிட்டு வந்தவர்கள், தாங்கள் குடியேறிய பாறையின் பெயரை வீட்டுப் பெயராக்கிக்கொண்டார்கள். மேல்குகையில் இருந்த அம்சவேணியின் வீடு எழுநீர். மகள் ஓவியா விரும்பிய பரிதியின் வீடு கீழ்க்குகையில் இருந்தது, ஒருநீர்.

"பையன் நல்லவன்தான். அதுக்காக ஒருநீர் வீட்டுல போயா?" என்று கணவர் தணிகாசலம் முறுக்கிக்கொண்டிருந்தார். ஓவியா அவரோடு பேசுவதையே விட்டுவிட்டாள்.

தண்ணீர் குறைந்த காரணம் அறிய அம்சவேணி தன் வீட்டுச் சுவரில் ஒரு துண்டும், ஒப்பிட்டுப் பார்க்கப் பரிதி வீட்டிலிருந்து ஒரு துண்டும் எடுத்து ஆய்வகத்தில் சோதித்தாள். முடிவை நம்பாமல் மறுபடி சோதித்தாள். மேல்குகையில் ஓயாமல் எரிந்த கணப்புகளின் சூட்டில் எழுநீர் உப்பு காய்ந்து ஒருநீராகியிருந்தது. கீழ்க்குகையில் கழிவுநீரின் ஈரத்தை உறிஞ்சிய ஒருநீர், எழுநீராகியிருந்தது.

அவள் முடிவைச் சொன்னதும் தணிகாசலம் கேட்டார், "அப்ப நாமதான் ஒருநீரா?"

"சுவருதாங்க ஒருநீர். நமக்கென்ன வந்துச்சு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, தட்டை எடு. போய்ப் பேசிட்டு வந்துடலாம்."

மூவரும் தாம்பூலத் தட்டோடு கீழ்க்குகைக்குப் போனார்கள். பரிதியின் அப்பா மாசிலாமணி எழுந்து நின்று வரவேற்றார். இனி ஒளிக்க என்ன இருக்கிறது என்று அம்சவேணி சோதனை முடிவை அவரிடம் சொன்னாள்.

"நெசமாவா? ஏழா?" அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எனக்கு இதெல்லாம் ஒண்ணுமில்ல. ஆனா சொந்தபந்தம்னு நாலு பேரு இருக்காங்க. அவங்களையும் ஒரு வார்த்தை கேக்கணும்ல."

தட்டு வைத்த இடத்திலேயே இருந்தது. பரிதி ஏதாவது சொல்வான் என்று ஓவியா அவனைப் பார்த்தாள். அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.